கடல் கொட்டான்

அவள் மந்தம் என்றே எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். என் கணவரின் தங்கை அவள். கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து சில ஆண்டுகளிலேயே திரும்பி வந்துவிட்டாள். அனுப்பி வைத்தவர்கள் சொன்ன காரணமும் அதுதான்: ஒரு வேலை சொன்னால் பொழுது சாய்ந்துவிடுகிறது, ஒன்று கேட்டால் பதிலுக்குக் காத்துக் கிடக்க வேண்டியிருக்கிறது. ஜெகதாப்பட்டினத்தில் எங்கள் தெருக்கோடியில் இருந்த பால்வாடியில் அவளுக்கு வேலை கிடைத்தபோது என் மாமியார், "தோதான எடந்தான். அதுகளும் ஒண்ணையும் முடிக்காது, இவளும் ஒண்ணையும் முடிக்க மாட்டா" என்றார். வீடே சிரித்தது. அவளும் சிரித்தாள், மற்றவர்கள் சிரித்து ஓய்ந்த பிறகு.

அது மந்தம் அல்ல என்பது எனக்கு விளங்கவே பல ஆண்டுகள் ஆயின. தன்னுடைய வேலைகளில் அவள் எல்லோரையும் போலத்தான் இருந்தாள். இன்னொருவர் தொடங்கியதைத் தான் முடிக்கக் கூடாது என்பதில் மட்டுமே அவள் அப்படி இருந்தாள். ஒரு குழந்தை சட்டைப் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தால் அவள் எதிரே நின்று பார்ப்பாள். அப்போது கைகளிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். கைகள் தாமாக நீண்டுவிடுமோ என்று அவற்றைக் கட்டி வைத்திருப்பதுபோல இருக்கும் அந்த நிலை. கடைத்தெருவில், திருமண வீட்டில், பேருந்து நிறுத்தத்தில், எங்கே ஒரு சிறு பிள்ளை எதையாவது செய்ய முயன்றாலும் அவள் கைகள் பின்னால் போய்விடும்.

என் மகனுக்கு மூன்று வயதிருக்கும்போது அறந்தாங்கியில் ஓர் உறவினர் வீட்டுத் திருமணம். எல்லோரும் வாசலில் நிற்கிறோம். அவன் தன் செருப்பின் வாரை மாட்டுவேன் என்று உட்கார்ந்துவிட்டான். அவள் அவனுக்கு முன்னால், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.

"ஏண்டி, நீ ஒரு இழு இழுத்து மாட்டி விட்டா என்ன? பஸ்ஸு ஒங்க அண்ணன் வாங்கி விட்ட பஸ்ஸா?" என்றார் மாமியார்.

"மாட்டிக்கிட்டுத்தான ஆத்தா இருக்கான்."

"எங்க மாட்டுறான்? வாரு இங்கிட்டு இருக்கு, காலு அங்கிட்டு இருக்கு."

"வந்துரும், இருங்க."

பேருந்து போய்விட்டது. தாலி கட்டி முடித்த பிறகுதான் நாங்கள் போய்ச் சேர்ந்தோம். அந்தக் கதையை மாமியார் தம் கடைசிக் காலம்வரை விருந்தினர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் செருப்பை மாட்டிவிட்டு நிமிர்ந்த என் மகனின் முகத்தைப் பார்த்தவர்கள் அவளும் நானும் மட்டுமே. அது கதையில் சேரவில்லை.

பேச்சிலும் அவள் அப்படித்தான். ஐஸ் கம்பெனியில் மேலாளராக இருந்த என் கணவருக்குப் பேச்சின் நடுவே சொல் மறந்துபோகும். "அந்த… அந்த…" என்று அவர் தடுமாறினால் ஆளுக்கொரு சொல்லை எடுத்துக் கொடுப்போம். அவள் கொடுக்க மாட்டாள். அவர் முகத்தைப் பார்த்தபடி நிற்பாள். "இவள அங்கிட்டுப் போகச் சொல்லு. நான் என்னமோ முட்ட போடப் போறாப்புல பாத்துக்கிட்டு நிக்கிறா" என்று அவர் சீறுவார். அந்தச் சீறலில் மறந்துபோன சொல் வந்துவிடும். அதையும் அவர் ஒப்புக்கொண்டதில்லை.

ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்டில் முற்பகல்களில் நான் அவளோடு பால்வாடியில் போய் உட்காரத் தொடங்கினேன். ஓர் அறை, ஒரு சமையல் மூலை, சுவரில் காய்கறிகளும் வாகனங்களும் வரைந்த படங்கள். வெளியே மீன் ஏற்றும் லாரிகளின் இரைச்சல். உள்ளே பிள்ளைகள் மணல் தட்டில் கோடு இழுப்பார்கள், புளியங்கொட்டையைக் குழிகளில் நிரப்புவார்கள், பெரிய பாத்திரத்திலிருந்து சின்னக் கிண்ணம்வரை வரிசையாக அடுக்குவார்கள். மேல்வகுப்புகளில் வேலை பார்த்த எனக்கு அது விளையாட்டாகத்தான் தோன்றியது. கொஞ்ச நாள் உட்கார்ந்த பின்னரே, ஒரு கிண்ணத்தை இன்னொரு கிண்ணத்துக்குள் வைக்க முடியாமல் ஒரு பிள்ளை திகைத்து நிற்கும் அந்த நேரத்தில்தான் கற்றல் நடக்கிறது என்பது பிடிபட்டது. அந்த நேரத்தை ஒருவரும் திருடிவிடாமல் காவல் நிற்பதே தன் வேலை என்று அவள் நினைத்தாள்.

மாலையில் அழைத்துப்போக வரும் அம்மாக்களிடம் வீட்டில் செய்வதற்கு ஒரு வேலையைச் சொல்லி அனுப்புவாள். வாசலில் கிடக்கும் செருப்புகளைச் சோடி சேர்ப்பது, சின்ன வெங்காயத்தில் பெரியதையும் சிறியதையும் பிரிப்பது, டப்பாக்களுக்குப் பொருத்தமான மூடியைக் கண்டுபிடிப்பது. இதில் ஊரில் அவளுக்கு வசவும் உண்டு.

"டீச்சர், ஒங்க பாடத்தால எங்க வீட்டுல ஒரு டப்பாவுக்கு மூடி இல்ல."

"அவனையே தேடச் சொல்லுங்க, கெடைக்கும்."

"அவன் தேடி எடுக்குறதுக்குள்ள காப்பித்தூளு கட்டியாப் போயிரும் டீச்சர்."

அந்த வகுப்பில் ஜீனத் என்றொரு பெண் குழந்தை இருந்தாள். நான்கு வயது. அவளுடைய அத்தா ஒரு விசைப்படகின் டிரைவர்; அம்மா கருவாட்டுக் களத்தில் வேலை பார்ப்பவள். "நெத்திலியத் தனியாப் பிரிக்கச் சொன்னீங்க. இது ஒவ்வொண்ணா எடுத்துக் கண்ணக் கண்ணப் பாக்குது டீச்சர். களத்துல எல்லாரும் சிரிக்கிறாங்க" என்று அந்த அம்மா வந்து சொன்னது நினைவிருக்கிறது. ஜீனத் பேசத் தொடங்கினால் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நீண்ட இடைவெளி விழும். அந்த இடைவெளிக்குள் யாராவது புகுந்து அவள் வாக்கியத்தை முடித்துவிடுவார்கள். அவளும் சரி என்று விட்டுவிடுவாள். அவள் சொல்ல வந்தது அதுதானா என்று கேட்பவர் யாரும் இல்லை, என் நாத்தனாரைத் தவிர. அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருப்பதைத் தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு பேர் சும்மா எதிரெதிரே உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும்.

வருகைப் பதிவுக்கு என் நாத்தனார் ஒரு விளையாட்டு வைத்திருந்தாள். பனையோலையில் முடைந்த சிறு கூடைகள், கொட்டான்கள், இரண்டு. ஒன்று வீடு, இன்னொன்று பள்ளி. ஒவ்வொரு பிள்ளைக்கும் கடற்கரையிலிருந்து அதுவே பொறுக்கிய ஒரு சிப்பி. அதன் மேல், படகுக்கு அடித்து மீந்த பெயிண்டில் அது போட்ட ஓர் அடையாளம். காலையில் உள்ளே வந்ததும் தன் சிப்பியை வீட்டுக் கொட்டானிலிருந்து எடுத்துப் பள்ளிக் கொட்டானில் போட வேண்டும். பிறகு எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, வீட்டுக் கொட்டானில் எஞ்சியிருப்பது யார் என்று பார்ப்பார்கள். கூட, குறைய, இருப்பது, இல்லாதது, எல்லாம் இதில் அடங்கிவிடும். பிறர் சிப்பியைத் தொடக் கூடாது என்பது ஒன்றே விதி.

பாடத்தில் 'என் குடும்பம்' என்ற தலைப்பு வந்த மாதத்தில்தான் மூன்றாவது கொட்டான் வந்தது. என் அத்தாவுக்கும் சிப்பி வேண்டும், எங்க அப்பாவுக்கும் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். அப்பாக்கள் காலையில் எங்கே என்று அவள் கேட்டாள். கடல்ல, என்றார்கள். அப்படியானால் கடலுக்கு ஒரு கொட்டான் வேண்டாமா என்றாள். இவ்வளவுதான் நடந்தது. படகுகள் புறப்படும் நாளில் பிள்ளைகள் அப்பாவின் சிப்பியைக் கடலில் போட்டார்கள். மறுநாள் காலையில் அவை கரை சேர்ந்ததும் எடுத்து வீட்டில் போட்டார்கள். நேற்று, இன்று, நாளை என்ற மூன்றும் அத்தனை எளிதாக அந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிபட்டதை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆய்வுக்கு வந்த மேற்பார்வையாளர் தம் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு, "ரொம்ப புதுசா இருக்கும்மா, எல்லா சென்டருக்கும் அனுப்புறேன்" என்று பாராட்டிவிட்டுப் போனார். அவள் முகம் சிவந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

கார்த்திகை மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலை. முந்தின நாள் போன படகுகள் திரும்பியிருந்தன. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து அப்பாவின் சிப்பியைக் கடலிலிருந்து வீட்டுக்கு மாற்றினார்கள். ஜீனத் வரவில்லை, காய்ச்சல் என்று பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான். கடல் கொட்டானில் நீலப் பெயிண்ட் பூசிய ஒரு சிப்பி மட்டும் கிடந்தது.

"டீச்சர், ஜீனத் அத்தாவ நான் எடுத்து வைக்கட்டா?" என்று அவன் கேட்டான்.

"வேணாம் ராசா. அது அவ அத்தால்ல? அவளே வந்து வைக்கட்டும்."

அவள் கைகள் பின்னால்தான் இருந்தன. நான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

நண்பகலில் ஊருக்குள் செய்தி வந்தது. எல்லை தாண்டி வந்ததாக ஒரு படகை அக்கரைக்காரர்கள் பிடித்துப் போய்விட்டார்கள். முந்தின இரவே பிடித்திருக்கிறார்கள். அது ஜீனத்தின் அத்தா ஓட்டிப்போன படகு.

அதன் பிறகு நடந்தவை இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரிந்தவைதான். படகுகள் வேலைநிறுத்தம் செய்தன. பெண்கள் வேன் பிடித்துப் புதுக்கோட்டைக்குப் போய் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தார்கள். ஜீனத்தின் அம்மாவும் போனாள்; காய்ச்சல் விட்டிருந்த பிள்ளையைப் பால்வாடியில் விட்டுவிட்டுப் போனாள்.

அன்று ஜீனத் உள்ளே வந்ததும் நேராகக் கடல் கொட்டானுக்குப் போனாள். சிப்பியை எடுத்து வீட்டுக் கொட்டானில் வைத்தாள். வைத்துவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். சத்துமாவு உருண்டையைத் தொடவில்லை. மறுநாள் வந்து பார்த்தாள். சிப்பி வீட்டில்தான் இருந்தது. அதை எடுத்துத் திரும்பக் கடலில் போட்டு, மறுபடி எடுத்து வீட்டில் வைத்தாள், சரியாக வைக்காததுதான் காரணமோ என்பதுபோல. அதற்கு அடுத்த நாட்களில் அவள் பேச்சு முழுவதுமாக நின்றது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், அவ்வளவே.

வந்தவர்கள் எல்லோரும் அந்தக் குழந்தையிடம் பேசினார்கள். "அத்தா வந்துரும் கண்ணு." "அத்தா ஒனக்குப் பொம்ம வாங்கிட்டு வரும்." "பயப்புடாத, நாளைக்கே விட்டுருவாங்க." குழந்தை வாயைத் திறக்கும், அதற்குள் இன்னொருவர் ஆறுதல் சொல்லிவிடுவார்.  என் நாத்தனார் மட்டும் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் ஜீனத்தை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு தானும் உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. பாய்களில் மற்ற பிள்ளைகள் புரண்டு படுக்கும் சத்தத்தைத் தவிர வேறு ஓசை இல்லாத ஒரு மதியத்தில் அந்தக் குழந்தை பேசியது.

"எனக்கு… காச்ச…"

அவள் காத்திருந்தாள்.

"நா வரல…"

வெளியே ஒரு லாரி பின்னுக்கு வந்து நின்றது. ஐஸ் கட்டிகளை இறக்கினார்கள். அது முடியும்வரை குழந்தையின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

"யாரும் எடுத்து வைக்கல."

நான் புத்தகத்தை மடியில் வைத்தபடி அசையாமல் இருந்தேன். என் நாத்தனார் முதுகுக்குப் பின்னால் மணிக்கட்டைப் பிடித்திருந்த கை நழுவியதை மட்டும் பார்த்தேன்.

அன்று வீட்டுக்கு வந்து அவள் சமையற்கட்டில் என் பக்கத்தில் நின்றாள். "அவ சொன்னதுல ஒரு தப்பும் இல்ல அண்ணி. எல்லா அப்பாவையும் எடுத்து வச்சாங்க, எல்லாரும் வந்துட்டாங்க. அவ அத்தாவ எடுத்து வைக்கல, வரல. நாந்தான கணக்கு சொல்லிக் குடுத்தேன்."

"படகை ராத்திரியே பிடிச்சுட்டாங்க. நீ காலையில எடுத்து வச்சாலும் வைக்காட்டியும் ஒண்ணுதான்" என்றேன்.

"எனக்குத் தெரியும் அண்ணி. அவளுக்கு யாரு சொல்றது?"

எங்களிடம் வார்த்தைகள் இருந்தன. நான் ஆயுள் முழுவதும் வார்த்தைகளைப் படித்தும் கற்பித்தும் வந்தவள். ஒன்றுக்குப் பின் இன்னொன்று நிகழ்வதாலேயே ஒன்று மற்றொன்றின் காரணம் ஆகிவிடாது என்பதை நான்கு வயதுக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது என்று எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. வளர்ந்தவர்களிடமே அது எடுபடுவதில்லை.

சொல்ல முடியாததைச் செய்து காட்டலாம் என்று அவள் நினைத்தாள். அவள் தொழில் அதுதானே. தன் அண்ணனுக்கென்று ஒரு சிப்பியில் அடையாளம் இட்டுக் கடல் கொட்டானில் போட்டாள். சிப்பி அங்கே கிடக்கும்போதே அவர் நேரில் வந்து நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. என் கணவர் முனகிக்கொண்டேதான் வந்தார்.

"கம்பெனியில லோடு நிக்குது. நான் சிப்பிக்குச் சாட்சி சொல்லணுமாக்கும்."

"இந்தா பாரு ஜீனத், ஐஸ் தாத்தா கடல்ல கெடக்கு. யாரும் எடுத்து வைக்கல. ஆனா தாத்தா வந்துருச்சு பாத்தியா?" என்றாள் அவள்.

ஜீனத் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். வெகுநேரம் கழித்து, "ஐஸ் தாத்தா… கடலுக்கே போகாது" என்றாள்.

என் கணவர் சிரித்துவிட்டார். பிறகு சிரித்ததற்காக வெட்கப்பட்டுக் குழந்தையின் தலையைத் தடவிவிட்டு வெளியே போனார்.

வேலைநிறுத்தம் முடிந்திருந்த மற்றொரு நாள் என் நாத்தனார் ஜீனத்தைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனாள். நானும் உடன் போனேன். படகுகள் ஒவ்வொன்றாக வந்து அணைந்தன. ஆட்கள் கூடைகளோடு இறங்கினார்கள். கோட்டைப்பட்டினம் பக்கத்துப் படகு ஒன்றைக் காட்டி, "இந்த மாமாவெல்லாம் நம்ம பால்வாடியே இல்ல. இவங்களுக்குச் சிப்பி கெடையாது. இருந்தும் வந்துட்டாங்கள்ல?" என்றாள். குழந்தை யோசித்தது. அந்த யோசனை முடியும்வரை நாங்கள் இருவரும் வெயிலில் நின்றோம்.

"அவங்க வீட்டுல… யாராச்சும்… வச்சிருப்பாங்க."

 திரும்பி வரும்போது குழந்தை மட்டும் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு, வழியில் கிடந்த மீன்களின் பெயர்களை மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தது. காரல். சாளை. காரல்.

இதற்கிடையில் ஜீனத்தின் கணக்கு மற்ற பிள்ளைகளுக்கும் தொற்றி, வீடுகளில் அது தெரிந்துபோயிற்று. ஒரு பையன் சாப்பாட்டுத் தட்டை உதறிவிட்டு, அப்பாவைக் கடலிலிருந்து எடுக்க மறந்துவிட்டேன், பால்வாடியைத் திறக்கச் சொல் என்று கத்தியிருக்கிறான். மறுநாள் அவன் அம்மா இடுப்பில் சேலையைச் சொருகிக்கொண்டு வந்தாள்.

"எங்க வீட்டு ஆம்பளையக் கொட்டான்ல போட்டு வைக்க நீங்க யாரு டீச்சர்? தண்ணியில கெடக்குற உசுரு. அத வச்சு வெளையாட்டா?"

"தப்புத்தாங்க" என்றாள் அவள்.

அவ்வளவு விரைவில் அவள் ஒரு பதிலைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. சண்டைக்கு வந்தவளே ஒரு கணம் தடுமாறினாள். மேற்பார்வையாளரும் தகவல் அறிந்து, கடல் கொட்டானை உடனே எடுத்துவிடுமாறு போனில் சொல்லிவிட்டார்.

எடுத்துவிடலாம். அதிலுள்ள அப்பாக்களை எங்கே வைப்பது? குப்பையில் போட்டால் பிள்ளைகள் என்ன நினைத்துக்கொள்வார்கள் என்று இப்போது அவளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு நாள் யோசித்து, வீட்டில் செய்ய வேண்டிய கடைசி வேலையைச் சொன்னாள். அவரவர் சிப்பியைக் கொண்டுபோய் அப்பா கையிலேயே கொடுத்துவிட வேண்டும். இனிமேல் அதை அப்பாவே பத்திரமாக வைத்துக்கொள்வார். பிள்ளைகளுக்கு அது சரியாகப் பட்டது. ஒவ்வொரு பிள்ளையும் மூடிய கையோடு வீட்டுக்கு ஓடியது. மாலைக்குள் ஊரில் அந்தப் பேச்சே முடிந்துவிட்டது.

ஜீனத்தும் தன் சிப்பியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனாள். அங்கே நின்று திரும்பி அவளைப் பார்த்தாள்.

தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது என் நாத்தனாருக்கு அப்போதுதான் உறைத்தது. "நீ வச்சிரு தங்கம். அத்தா வந்ததும்…" என்று தொடங்கியவள் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. குழந்தை அது முடிவதற்காக நின்றது. அவளிடம் கற்றுக்கொண்ட பொறுமை அது. கடைசியில் ஜீனத்தின் அம்மா வந்து தூக்கிக்கொண்டு போனாள்.

அந்தப் படகில் இருந்த மற்றவர்கள் தை மாதத்தில் விடுதலையாகி வந்தார்கள். டிரைவருக்குத் தனியாகத் தண்டனை போட்டிருக்கிறார்கள் என்றார்கள். படகை ஓட்டியவர் அவர்தான் என்பதால் அப்படித்தான் நடக்கும். வந்தவர்களை மாலை போட்டு வரவேற்ற கூட்டத்தில் ஜீனத்தை அவள் அம்மா தோளில் தூக்கி வைத்திருந்தாள். குழந்தையின் இடது கை மூடியிருந்தது. அந்தக் கை அப்போதெல்லாம் மூடியேதான் இருந்தது. வலது கையால் சாப்பிடும், வலது கையாலேயே முகம் கழுவும்.

அந்த மாதங்களில்தான் எங்கள் வீடு மகிழ்ந்த ஒரு மாற்றம் என் நாத்தனாரிடம் வந்தது. அவள் சுறுசுறுப்பானாள். கைகள் பின்னால் போவது நின்றது. பால்வாடியில் ஒரு பிள்ளை பொத்தானைத் தொடுமுன் அவளே போட்டுவிட்டாள். டம்ளரைத் தூக்கினால் வாங்கி ஊற்றிக் கொடுத்தாள். மூக்கைத் துடைத்தாள், பாயைச் சுருட்டினாள், புளியங்கொட்டைகளை அவளே குழிகளில் நிரப்பி வைத்தாள். ஒரு பிள்ளை வாயைத் திறந்தால், "தண்ணியா? இந்தா" என்றாள். வீட்டில் என் கணவர், "அந்த…" என்றதும், "வோல்டேஜ் ஸ்டெபிலைசரு" என்று எடுத்துக் கொடுத்தாள். அவர் திகைத்துப் போய் அவளைப் பார்த்தார்.

"இப்பத்தாண்டி ஒனக்குப் புத்தி தெளிஞ்சிருக்கு. இத அப்பவே செஞ்சிருந்தா ஒன் பொழப்பு இப்புடி ஆயிருக்குமா?" என்றார் மாமியார், உண்மையான சந்தோஷத்தோடு.

அவள் தாயைப் பார்த்துச் சிரித்தாள். உடனே சிரித்தாள்.

நான் ஒரு நாள் கேட்டேன், "அவங்களே செய்யட்டும்னு விடலாம்ல?" என்று. அவள் ஈரத் துணியைப் பிழிந்தபடி, "விட்டா என்ன நெனச்சுக்குவாங்களோன்னு பயமா இருக்கு அண்ணி" என்றாள். வேறு பேச்சுக்கு இடமில்லாத குரல் அது.

அடுத்த ஜூனில் ஜீனத் பக்கத்துப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குப் போனாள். அவள் போன அதே மாதத்தில் என் நாத்தனார் இடமாற்றத்துக்கு விண்ணப்பித்தாள். திருவரங்குளத்துக்கு அப்பால் ஒரு சிற்றூர் கிடைத்தது. கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அங்கே பிள்ளைகளுக்குத் தெரியாது. அங்கேயே ஒரு சிறு வீடு பார்த்துக்கொண்டாள். மாமியார் இறந்தபோது வந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் போய்விட்டாள். அந்த ஊரிலிருந்து வந்த ஒருவர், "ஒங்க வீட்டு டீச்சர் மாதிரி சுறுசுறுப்பான ஆளு கெடையாதுங்க. புள்ளைகள ஒரு வேல செய்ய விட மாட்டாங்க" என்று என்னிடம் புகழ்ந்து சொன்னார். நான் அவருக்குக் காப்பி கொடுத்தேன்.

வாரத்துக்கு ஒரு முறை போன் செய்வாள். நலம் விசாரித்து முடித்ததும், "அவ வாராளா அண்ணி?" என்பாள். ஜீனத் பள்ளி விட்டதும் சில நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, நான் படிக்கும் புத்தகங்களின் படங்களைப் புரட்டிக்கொண்டிருப்பாள். போனை அவள் காதில் வைப்பேன். இந்தப் பக்கம் குழந்தை ஒன்றும் பேசாது. அந்தப் பக்கமிருந்தும் ஒரு சொல்லும் வராது. என் கணவர் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் பேசாம இருக்குறதுக்கு எதுக்குப் போனு?" என்பார். ஆனால் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிடுவார். அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் அவள் இன்னும் பழைய ஆளாகவே காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். 'யாரும் எடுத்து வைக்கல' என்ற அந்த வாக்கியத்தைக் குழந்தை ஒரு முறைகூட அவளிடம் திருத்திச் சொல்லவில்லை.

ஜீனத்தின் அத்தா தண்டனை முடிந்து வந்தார். இளைத்து, தாடி நரைத்து, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசும் கண்களோடு வந்தார். வந்த அன்று மகளை மடியில் வைத்துக்கொண்டு கையை நீட்டினார்.

"எங்கம்மா, அத்தா சிப்பி? டீச்சரு அத்தா கையில குடுக்கச் சொன்னாங்களாம்ல?"

அவள் கொடுக்கவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், கெட்டிக்காரி என்றார்கள். அவரும் சிரித்து, அவளை முத்தமிட்டார். அன்று மாலை போனில் இதை நான் சொன்னபோது, "வந்துட்டாரா?" என்று மட்டும் அவள் கேட்டாள். "வந்துட்டார்" என்றேன். "அவ என்ன நெனச்சுருப்பா அண்ணி?" என்றாள். எனக்கும் அதே கேள்விதான் இருந்தது. இத்தனை நாள் தான் விடாமல் பிடித்திருந்ததால்தான் அத்தா வந்தார் என்று குழந்தை நினைத்திருந்தால், அது தவறென்று காட்ட இனி இந்த உலகத்தில் ஒரு சான்றும் கிடையாது.

கொஞ்ச நாள் அவர் ஐஸ் கம்பெனியில் என் கணவரிடம் வேலை பார்த்தார். கட்டிகளை உடைப்பதிலும் ஏற்றுவதிலும் அவர் மனம் நிற்கவில்லை. வேறு தொழில் பழகும் வயதும் இல்லை. அடுத்த மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் மறுபடி படகேறினார்.

ஜீனத் இப்போது மூன்றாம் வகுப்பு. நன்றாகப் படிக்கிறாள். அவளுக்கு வருகை மட்டும் குறைவு என்று வகுப்பாசிரியை என்னிடம் வருத்தப்பட்டார். காரணம் கேட்டால் சொல்வதில்லையாம். நான் கேட்கவில்லை. அவள் அத்தா கடலில் இருக்கும் நாட்களில் அவள் அம்மா வழக்கம்போல் விடிந்ததும் கருவாட்டுக் களத்துக்குப் போய்விடுகிறாள். அந்த நாட்களில் ஜீனத் பள்ளிக்குப் போவதில்லை. வீட்டில் இருக்கிறாள், இடது கையை மூடிக்கொண்டு.